பிணத்தின் சபாஷ்

சிவப்புப் பென்சிலைச் சீவினேன். மரத்தூள் வாசனையில், நண்பரே, நீர் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டீர். எனது சீனக் கதை மொழிபெயர்ப்பின் மெய்ப்பு மேசையில் கிடக்கிறது. கடைசிப் பக்கம் இன்னும் முடியவில்லை.

1969 அக்டோபர், மியூனிக் பல்கலைக்கழக உணவகம். அது செப்டம்பரில் நடந்தது என்று நம் கூட்டாளிகள் சிலர் சொல்வது தவறு. மாத முடிவில் நான் சீனக் கதைகள் பற்றிய ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் உதவித்தொகையும் வசிப்பு அனுமதியும் போய்விடும். இயற்பியல்காரரான நீர் என் மொழிபெயர்ப்பின் தட்டச்சுப் பிரதியைப் படித்துக்கொண்டே வந்தவர், திடீரென்று சிரித்தீர்.

"ஓய், சத்திரத்து ரூம்ல ரெண்டே பேரு. ஒருத்தனை வெட்டியாச்சு. அப்புறம் 'சபாஷ், அருமையான வெட்டு'ன்னு சொல்றது யாரு? பிணமா?"

"வெட்டியவன்தான். அவனுடைய தற்பெருமை. அதன்மீதுதான் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமே நிற்கிறது."

"எதுக்கும் ஒரிஜினலைப் பாத்துடும்."

நூலகத்துக்கு ஓடினேன். பழைய மரஅச்சுப் பதிப்பில் அந்தச் சொற்கள் மட்டும் பொடி எழுத்தில், வரிகளுக்கு நடுவே இருந்தன. பேசியவன் கதாபாத்திரம் அல்லன், கதையைப் படித்துக் குறிப்பெழுதிய உரைகாரன். அத்தியாயத்தையே கிழித்துவிடுகிறேன் என்றேன்.

"கிழிக்காதீர். நம்ம ஊர்ல உரை இல்லாம எதைய்யா படிச்சோம்? அவன் கதைக்குள்ளயே உக்காந்திருக்கான்னா, அதையே எழுதும்."

எழுதினேன். அந்தக் காலத்துச் சீன உரைகாரர்கள் பிடித்த வரியின் ஓரத்தில் வட்டமிட்டார்கள், பிடிக்காததை வெட்டினார்கள், எங்கே வியக்க வேண்டும் என்று வாசகனுக்குக் காட்டினார்கள். பின்னால் வந்த கதாசிரியர்கள், அப்படியொருவன் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பான் என்று எண்ணியே எழுதினார்கள். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் அதே பக்கத்தைத் திறந்து, "இங்கே பேசுவது யார்?" என்றபோது என்னிடம் விடை இருந்தது.

அந்த வழக்கம் உமக்கும் தொற்றிக்கொண்டது. என் பிரதியில் நீரும் வட்டமிட்டு, பக்கத்தில் கேலியாக ஏதாவது கிறுக்குவீர். கடைசிப் பக்கத்தில் மட்டும், "அவன் கதவைச் சாத்தினான்" என்ற வெறும் வரிக்கு ஒரு வட்டம், குறிப்பு இல்லை. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். 1974 மார்ச்சில் நீர் காலமாகிவிட்டீர்.

அந்த வரிக்கு எத்தனையோ விளக்கம் எழுதிப் பார்த்தேன். இரவில் சரியாகத் தோன்றுவது காலையில் தப்பாகிவிடுகிறது. நாளை மெய்ப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். மற்ற வரிகளுக்கெல்லாம் உரை எழுதிவிட்டேன். இந்த வரிக்கு எழுதவில்லை. ஓரத்தில் உமது வட்டத்தை மட்டும் இட்டு, அச்சுக்கோப்பவர் பிழையென்று நீக்கிவிடாதிருக்க, "இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறேன்.