நடுவில் நிற்கும் குமிழ்

அண்ணா,

இன்று காலை உன் சக்கர நாற்காலி வண்டியைக் கொண்டுபோக வந்தார்கள். மேலே போர்த்தியிருந்த துணியை எடுத்ததும் ஈயம் பற்றவைத்த வாசனை வந்தது. சாந்தோமில் இருக்கும் ஓர் அக்காவுக்குக் கொடுக்கிறோம். போலியோவில் கால்கள் போனாலும் அவருக்குக் கைகள் இரண்டும் பலம். கைப்பிடிக்குக் கீழே இருந்த கறுப்புக் குமிழைத் தொட்டு, இது எதற்கு என்று கேட்டார்.

அது ஒரு பழைய டேப் ரெக்கார்டரில் இருந்தது. இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரிக்கிற குமிழ். தசை தளரும் நோயில் கால்களுக்குப் பிறகு உன் கைகளும் தளரத் தொடங்கியபோது, ரேடியோ ரிப்பேர் செய்த அதே மேசையில் உட்கார்ந்து சக்கரத்துக்கு ஒன்றாகக் கார் வைப்பர் மோட்டார் வைத்தாய். நீ சக்கரத்தின் கைவளையத்தைத் தள்ளினால் ஸ்பிரிங் அமுங்கும், மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும். கையை எடுத்தால் நின்றுவிடும். "சும்மா உக்காந்துக்கினு போனா நான் மூட்டை. நான் தள்ளணும், அது கூட வரணும்" என்றாய்.

முதல் நாள் வண்டி இடப்பக்கமாக வளைந்து எதிர்வீட்டம்மா மீன் விற்கும் பலகையில் போய் இடித்தது. "இன்னா நைனா, வஞ்சிரம் வாங்கவா மோட்டார் வெச்ச?" என்று அவர் கேட்க, நீயும் சிரித்தாய். உன் இடது கை வலதைவிடத் தளர்ந்திருந்தது. அதற்காகத்தான் குமிழ். இடப்பக்கம் திருப்பினால் இடது சக்கரத்துக்கு உதவி கூடும். சரிநடுவில் என் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாய்.

உன்னைத் தள்ளிக்கொண்டு போகத்தான் நான் எட்டாவதோடு நின்றேன். கச்சேரி ரோட்டில் உனக்குக் கிடைத்த எஸ்டிடி பூத்துக்கு நீ தனியாகப் போய்வர ஆரம்பித்தால் ஜூனில் நான் மறுபடி பள்ளியில் சேரலாம் என்று பேசிவைத்திருந்தோம். போகவும் ஆரம்பித்தாய். யூனிஃபார்ம் துணி வாங்க அம்மா தி. நகர் போய்வந்தாள்.

ஆனால் குமிழை அடிக்கடி திருப்ப வேண்டியிருந்தது. உன் விரல்களில் பிடிப்பு இல்லாததால் நான்தான் திருப்புவேன். "எங்க கீது பாப்பா?" என்பாய். காட்டுவேன். "அம்மா கேட்டா நடுவுல கீதுன்னு சொல்லு." குமிழ் நகர்ந்தால் உன் இடது கை இன்னும் தளர்கிறது என்று அம்மாவுக்கும் தெரியும். கேட்பாள். நடுவில் இருக்கிறது என்பேன்.

பள்ளி திறக்க இருந்த வாரம், பூத்துக்குப் போகும் வழியில் வண்டி இடப்பக்கம் ஒதுங்கிச் சாக்கடை ஓரத்தில் நின்றது. அன்று கூடவே வந்த என்னை இன்னும் கொஞ்சம் திருப்பச் சொன்னாய்.

"இதுக்கு மேல இல்லண்ணா."

வளையத்திலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாய். ஆட்டோக்காரர் ஒருவர் வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தார்.

"சரி, தள்ளு" என்றாய்.

யூனிஃபார்ம் துணி தைக்கக் கொடுக்காமலே கிடக்கிறது. மழைக்காலத்தில் உன் மூச்சும் தளர்ந்து நின்றது.

இன்று அந்த அக்கா ஓட்டிப் பார்த்தபோது வண்டி வலப்பக்கமாகவே சுற்றியது. குமிழ் இன்னும் உன் கைக்கு ஏற்றபடியே இருந்தது. கீழே உட்கார்ந்து மெதுவாகத் திருப்பினேன். பூத்துக்கு நீ தனியாகப் போன நாட்களின் இடத்தையும் தாண்டி, நகப்பூச்சுப் புள்ளியில் நிறுத்தினேன்.

வாசலில் நின்ற அம்மா கேட்டாள்: "எங்க கீது?"

"நடுவுலதாம்மா."

முதல்முறையாக அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

வண்டி தெருமுனை வரை நேராகப் போனது. அன்று சாக்கடை ஓரத்தில் இதற்கு மேல் திரும்பாமல் குமிழ் முட்டி நின்ற இடம் மட்டும் இன்னும் என் விரலில் இருக்கிறது, அண்ணா.