உங்கள் துயோவும் அவருடைய உப்புக் கணக்கும்

அக்கா,

இன்று காலை துயோ மீன் பொரித்தேன். பூண்டு நசுக்கிப் போட்ட வினாகிரியைப் பக்கத்தில் வைத்ததும், பார்க்கிங் என்ற இந்த ஆங்கிலேய ஊரில் இருக்கும் நம் முதியோர் குடியிருப்பின் பொதுச் சமையலறை முழுக்க நீங்கள் வந்துவிட்டீர்கள்.

முதல் நாள் அந்தச் சிறிய காய்ந்த மீனைப் பார்த்து, "இது எங்கட சூடைக் கருவாடெல்லோ!" என்று நான் கத்தியது நினைவிருக்கிறதா? உங்கள் பிலிப்பைன்ஸில் காலைச் சாப்பாடே இதுதான் என்றீர்கள். சுடுநீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் பொரிப்பீர்கள். தட்டு நிறையத் தக்காளி, கொஞ்சம் சோறு, ஒரே ஒரு மீன். முள்ளையும் மென்று விழுங்குவீர்கள். "உப்பைக் கழுவு, ஆசையைக் கழுவாதே" என்பீர்கள். ஊறவைத்தாலும் உப்பு முழுதாகப் போகாது, தினமும் தின்னக் கூடாது என்பதை நூலகத்துப் புத்தகங்களில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். வாரத்தில் ஒரு நாள் என்று நாம் வைத்துக்கொண்டது அதனால்தான்.

பிறகு உங்கள் வயிற்றில் அந்த நோய் வந்தது. எதை வாயில் வைத்தாலும் குமட்டியது. "இறங்குவதைச் சாப்பிடுங்கள், கருவாடென்றாலும் பரவாயில்லை" என்று மருத்துவரே சொன்னார். இறங்கியது துயோ மட்டும்தான்.

அப்போதுதான் குடியிருப்போர் குழுத் தலைவர் சமையலறைக் கதவில் அறிவிப்பு ஒட்டினார். ஆரோக்கிய உணவுத் திட்டமாம், உப்பு மீன் சமைக்கத் தடையாம். வெள்ளைக்காரரா ஒட்டினார்? எங்கள் யாழ்ப்பாணத்து மனிதர். நான் நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் பின்னேரத்திலே கொறிக்கிற மிக்ஸரிலே உப்பில்லையோ?"

"அது வேற, இது வேற. நாத்தத்துக்கு மற்ற ஆக்கள் என்ன நினைப்பினம்? பாண் இருக்குத்தானே, வாட்டிச் சாப்பிடச் சொல்லுங்கோ."

உடம்பைப் பற்றிய அக்கறையின் சாயம் அதோடு வெளுத்துவிட்டது. அவருக்கு வெட்கம், அவ்வளவுதான். தடையை மீறிப் பொரிக்கிறேன் என்று சட்டியை எடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "வேண்டாம் தங்கச்சி. அவர் பாவம், பயந்த மனிதர்."

பாண் ரொட்டியைத் தேநீரில் நனைத்து நனைத்து, விழுங்க முடியாமல் வைத்துவிட்டு, குளிர்காலம் முடிவதற்குள் போய்விட்டீர்கள். கருவாடு இல்லாததால் செத்தீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். விரும்பிய ஒரு வாய் கிடைக்காமல் செத்தீர்கள். அதை மறக்கவும் மாட்டேன்.

அடுத்த குழுத் தேர்தலில் நான் நின்றேன். கதவு கதவாகத் தட்டி, உங்கள் கதையைச் சொல்லி வாக்குக் கேட்டேன். வென்றதும், தோற்ற அவர் முன்னாலேயே அந்த அறிவிப்பைக் கிழித்தேன்.

இன்று அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். மெலிந்துபோயிருக்கிறார். ஏதோ நோய்க்கு மருந்து எடுக்கிறாராம்.

"பிள்ளை, வாய்க்கு ஒண்டும் பிடிக்குதில்லை. ஒரு துண்டு தாங்கோவன்."

"உப்பு, அண்ணை. உங்கட பிரஷருக்குக் கூடாது."

"ஒரு துண்டிலே என்ன வந்திடப் போகுது?"

"அவவுக்கும் ஒரு துண்டுதான் கேட்டனான்."

அவர் குனிந்துகொண்டார். "பிழைதான், பிள்ளை" என்றார்.

"பாண் வாட்டித் தரட்டோ?" என்றேன். அவர் போகும்வரை பார்த்துக்கொண்டே, முள்ளும் மிச்சமில்லாமல் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

நீங்கள் இருந்திருந்தால், உங்கள் மீனைப் பாதியாகப் பிய்த்து அவரை உட்காரவைத்திருப்பீர்கள். எனக்குத் தெரியும், அக்கா. ஆனால் அந்த மனசை நீங்கள் கையோடு கொண்டுபோய்விட்டீர்கள். எனக்கு விட்டுப்போனது உங்கள் பசி மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு என்னால் யாரையும் மன்னிக்க ஏலாது.