திருப்பிக் கொடுத்த கஷாயச் சட்டி

துறைத்தெரு
எட்டாம் மாதம், பத்தொன்பதாம் நாள்

அன்புள்ள அக்கா ருய்ஃபெனுக்கு,

தங்கை சைபிங் எழுதுவது. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது அங்கே லான்ஜோவில் நலமாக இருக்க வேண்டும். இது நான் போடும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டாயோ, பிரிக்காமலே வைத்திருக்கிறாயோ தெரியாது. இதையாவது கடைசி வரி வரை படித்துவிடு.

பிரித்திருக்காவிட்டால் செய்தியே உனக்குத் தெரிந்திருக்காது. அதனால் மறுபடியும் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ஆறாம் மாதம் ஒரு நாள் படகைக் கட்டிவிட்டுக் கரையேறும்போது அப்படியே சரிந்துவிட்டார். வலப்பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிக்கொண்டது, பேச்சு போய்விட்டது. மாவட்ட ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். மாத்திரை எழுதிக் கொடுத்து, இனி வீட்டில் வைத்து ஊசியும் கஷாயமும் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இன்றோடு அறுபத்து மூன்று நாள்.

தொங் வைத்தியர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கைகால் புள்ளிகளில் ஊசி குத்துகிறார். பலன் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். முன்பெல்லாம் கஞ்சி பாதி வழிந்துவிடும், இப்போது சிந்தாமல் குடிக்கிறார். நிலாத் திருநாளன்று தாமரை விதைப் பண்டத்தைக் கரைத்துக் கொடுத்தேன், ருசித்துச் சாப்பிட்டார். அடுத்த நாள் வலக்கைப் பெருவிரல் ஒருமுறை அசைந்தது. காலும் நாக்கும்தான் மரக்கட்டையாகக் கிடக்கின்றன. கஷாயத்தில் மஞ்சள் வேர், குசும்பப்பூ, காய்ந்த மண்புழு எல்லாம் போடுகிறார்கள். ஆயுசெல்லாம் மண்புழுவைத் தூண்டிலில் மாட்டினவர் இப்போது அதையே குடிக்கிறார், மீன்களுக்குத் தெரிந்தால் கொண்டாடும் என்று மூலிகை கொண்டுவந்த மருந்துக்கடைக்காரி கேலி செய்தாள். அவர் சிரித்தார் அக்கா. முகத்தில் பாதிதான் சிரித்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கைலின் இப்போது அப்பாவின் படகை ஓட்டுகிறான். உன்னைவிட உயரமாகிவிட்டான். பெரியம்மா எப்போது வருவாள் என்று கேட்டால் என்ன சொல்லட்டும்?

தொங் வைத்தியருக்குக் கண் மங்கிவிட்டது. ஊசி எடுக்கும்போது கை நடுங்குகிறது. முந்தாநாள் ஊசிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நான் கதவத் தட்டிக்கிட்டுத்தாம்மா இருக்கேன். தொறக்கணும்னா உங்க அக்கா கைதான் வேணும். நூறு நாளு தாண்டிட்டா கெட்டிப்பட்டுப் போயிடும். அப்புறம் யாரு வந்தும் கஷ்டந்தான்.”

என் வீட்டுக்காரர் உடம்பை உன் விரல் அறிந்த மாதிரி வேறு யார் அறிவார்கள்? வைத்தியப் பயிற்சி முகாமிலிருந்து வந்த புதிதில் நீ முள்ளங்கியில் குத்திப் பார்த்தாய், பிறகு உன் தொடையிலேயே குத்திக்கொண்டாய். மூன்றாவதாகக் காலை நீட்டியது இவர்தான். ஊரே ஓடி ஒளிந்தபோது, தன்னுடையது எருமைத் தோல், மதினி எத்தனை வேண்டுமானாலும் குத்தலாம் என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நீ முட்டிக்குக் கீழே நான்கு விரல் வைத்து அளந்து, அந்த இடத்தில் குத்தித் திருகினாய். பாதம் வரைக்கும் கனமாக ஓடுகிறது என்று அவர் கத்தியதும் நீ சின்னப்பிள்ளை போலக் குதித்தாய்.

நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டிதான். இன்றைக்கு அதையும் எழுதிவிடுகிறேன், தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

கைலினுக்கு உடம்பெல்லாம் வீங்கியபோது உன் கஷாயச் சட்டியை இரவல் வாங்கிப் போனேன். நீ கட்டிக் கொடுத்த நாற்பது மருந்துப் பொட்டலம்தான் என் பிள்ளையைப் பிழைக்க வைத்தது. இரவல் வாங்கிய கஷாயச் சட்டியைத் திருப்பித் தரக் கூடாது, தந்தால் நோயும் கூடவே போகும், உரியவருக்குத் தேவைப்படும்போது அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள் என்பது நம் தெருவில் யாருக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். ஆனால் அவன் தேறிய பிறகு அடுப்படியில் அந்தச் சட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அதைத் துணி போட்டு மூடினேன். நோய் அதற்குள்ளேயே உட்கார்ந்து என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. கழுவித் துடைத்து உன் வாசலில் கொண்டுவந்து வைத்தேன். மறதியில் செய்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். தெரிந்தேதான் வைத்தேன். என் வீட்டைவிட்டுப் போனால் போதும் என்று வைத்தேன். அது போகிற இடம் உன் வீடு என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மாதத்தில் அத்தான் படுத்தார். அவர் ஈரல் அதற்கு முன்பே கெட்டிருந்தது என்று தொங் வைத்தியர் இன்றும் சொல்கிறார். மிதிப்பவரோடு நோய் போகட்டும் என்று மருந்துச் சக்கையை நடுத்தெருவில் கொட்டுகிறவர்களைப் பார்த்து, நோய் என்ன செருப்பில் ஒட்டிக்கொண்டு போகுமா என்று சிரிப்பவள் நீ. அப்படிப்பட்ட நீயே அத்தானை அடக்கம் செய்த மறுநாள் அந்தச் சட்டியை என் வாசலில் வைத்தாய். “உன் புள்ளைய நான் காப்பாத்திக் குடுத்தேன். நீ எனக்கு இதத் திருப்பிக் குடுத்த” என்றாய். பிறகு லான்ஜோவுக்குப் போய்விட்டாய், ஆறு வருஷமாகிறது. அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

அந்தச் சட்டியில்தான் இப்போது இவருடைய மருந்து கொதிக்கிறது. புதுச் சட்டி வாங்கலாம் என்று கைலின் சொன்னான், வேண்டாம் என்றுவிட்டேன். நோய் அதில் இருக்கிறதென்றால் என் வீட்டிலேயே இருக்கட்டும்.

இதை எழுதுவதற்கு முன் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கும் இதுவரை தெரியாது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கஞ்சி கொண்டுபோனேன், வாயைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து இடது கையைத் தூக்கி, வலது முட்டிக்குக் கீழே நான்கு விரலை வைத்து அளந்தார். அந்த இடத்தில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை நீ மன்னிக்க வேண்டாம். என்னோடு பேச வேண்டாம். என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்க வேண்டாம். தொங் வைத்தியர் வீட்டில் தங்கிக்கொள், நீ வரும் நேரம் நான் ஆற்றங்கரைக்குப் போய்விடுகிறேன். என் வீட்டுக்காரர் உனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கிறது. ரயிலில் இரண்டு நாள்தான்.

சட்டியை இந்த முறை திருப்பித் தரமாட்டேன், அக்கா. உனக்கு அது ஒருநாளும் தேவைப்படாமல் இருக்கட்டும். நீ மட்டும் வா.

உன் காலைப் பிடித்துக் கேட்கும்
தங்கை சைபிங்