நீ சிவப்பென்று அனுப்பிய சேலை

கண்டக்குழி,
14.9.1997, ஞாயிறு.

கட்டாரில் வேலை செய்யும் என் மூத்த மகன் பிலேந்திரனுக்கு, தலவில அன்னம்மாள் உன்னோடு கூட இருக்க வேண்டும் என்று மன்றாடி, அம்மா ஜூலியானா எழுதுவது.

உடம்புக்கு எங்கள் இருவருக்கும் குறை ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் புதன்கிழமையிலிருந்து சுகமில்லை. அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது. அதை வாசித்துவிட்டு உன் தங்கச்சி யூஜீனியா அடுப்படியில் போய் இருந்து அழுதாள். நான் அழவில்லை, மகன். எனக்குக் கோபம்தான் வந்தது. அதனால் மூன்று நாள் பேனையைத் தொடாமல் இருந்துவிட்டு இன்று எழுதுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதம் உன்னை அங்கே வந்து கடித்திருக்கும்.

அப்பா இல்லாத வீட்டில் மூத்தவனின் சொல்லுக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். ஆகையால் இன்று பூசையில் மூன்றாவது தரம் வாசிக்க இருந்த தங்கச்சியின் கல்யாண அறிவித்தலைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கோயில் சுவாமியிடம் கேட்டேன். இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. தடை கட்டாரிலிருந்து முத்திரை ஒட்டி வந்திருக்கிறது. இனி உன் மறுகடிதம் வந்தால்தான் மூன்றாவது தரம் வாசிப்பார்.

உனக்கு மரியநாயகம் சித்தப்பா எழுதியது முழுப் பொய் இல்லை. மாப்பிள்ளை அருமைநாயகத்தை நேவி பிடித்தது உண்மை. இரண்டு நாள் முகாமில் வைத்திருந்ததும் உண்மை. உனக்கு நான் எழுதாமல் மறைத்தது என் பிழை. காசு உழைக்கப் போன பிள்ளை அங்கே கிடந்து யோசிக்கும் என்று பேசாமல் விட்டேன். உன் சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சரி, நடந்ததைக் கேள்.

இந்த வருசம் நேவிக்காரர் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு கரை வள்ளத்துக்கும் முன்பக்கத்து அணியத்தில் ஒரு நிறத்தில் பட்டை அடிக்க வேண்டும். தூரத்தில் கண்டவுடனே எந்தக் கரை வள்ளம் என்று தெரியத்தான். எங்கள் கரைக்குப் பச்சை. தெற்குப் பக்கத்துக் கரைகளுக்குச் சிவப்பு. அந்தச் சிவப்பு வள்ளம் எங்கள் கடலுக்குள் வரக் கூடாது. ஓகஸ்டில் ஊர்ச்சனம் முழுக்கத் தலவிலத் திருநாளுக்குப் போயிருந்த நேரம், அருமை மட்டும் கரையில் நின்று தன் வள்ளத்துக்குப் பெயின்ற் அடித்தான். இரண்டு பெயின்ற் பேணி கிடந்தனவாம். இரண்டிலும் ஒட்டியிருந்த கடதாசி உரிந்து போயிருந்ததாம். கேட்க ஆள் இல்லை. ஒன்றை எடுத்து நல்ல வடிவாகப் பட்டை அடித்துவிட்டு, விடிய முன்னம் தொழிலுக்குப் போய்விட்டான்.

அடித்தது கடுஞ் சிவப்பு!

விடிந்ததும் நேவிப் படகு வந்து மறித்தது. எந்தக் கரை என்று கேட்க, கண்டக்குழி என்றானாம். அப்படியென்றால் ஏன் சிவப்புப் பட்டை என்று கேட்க, இது பச்சைதானே ஐயா என்றானாம். அங்கேயே கன்னத்தில் ஒன்று விழுந்தது. முகாமுக்குக் கொண்டுபோய் மறுபடியும் கேட்க, மறுபடியும் பச்சை என்றானாம். மறுபடியும் விழுந்தது. பகிடி விடுகிறான் என்று அவர்கள் நினைத்தார்கள். தமிழ்ப் பெடியன், வேறு கரை நிறம், வாயில் இப்படி ஒரு பதில். இந்தச் சண்டைக் காலத்தில் அது எங்கே போய் முடிந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் செபமாலையைத்தான் தேடுகிறேன்.

நான் சுவாமியிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு முகாமுக்குப் போனேன். அங்கே ஒரு டொக்டர் இருந்தார், சிலாபத்துச் சிங்கள மனுசன். எனக்குத் தெரிந்த சிங்களமும் அவருக்குத் தெரிந்த தமிழும் கதைத்துப் பேசப் போதுமாக இருந்தது. அவர்தான் நேவியில் சேர வருகிற பெடியன்களின் கண்ணைச் சோதிக்கிற புத்தகத்தை எடுத்து வந்தார். பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக நிறங்கள், அதற்குள்ளே ஒரு இலக்கம். எனக்கு இலக்கம் பளிச்சென்று தெரிந்தது. அருமைக்கு வெறும் பொட்டுத்தான். பக்கத்துக்குப் பக்கம் அப்படியே. பிறகு ஒரு பக்கம் வந்தது பார், நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. அவன் சட்டென்று ஐந்து என்றான். டொக்டர் சிரித்துவிட்டார். அந்தப் பக்கம் அவனைப் போல கண் உள்ளவர்களுக்கு மட்டும்தான் தெரியுமாம். எனக்குக் கொஞ்சம் ரோசமாகவும் இருந்தது.

கண்ணுக்குள்ளே நிறம் பார்க்கிறதற்கென்று மூன்று விதமான கலங்கள் இருக்கின்றனவாம். ஒரு வள்ளத்தில் மூன்று பேர் வலை இழுக்கிறதைப் போல, மூன்றும் சேர்ந்து இழுத்தால்தான் எல்லா நிறமும் பிரிந்து தெரியும். சிலருக்குப் பிறக்கும்போதே அதில் ஒன்று சோம்பேறி. அப்படியானவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் மண்ணிறமும் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும். நோய் இல்லை, மருந்தும் இல்லை, குடியும் இல்லை. நாலு பேர் ஒரே பூவைப் பார்த்தாலும் நாலு பேருக்கும் ஒரே மாதிரித் தெரிகிறது என்று சத்தியம் பண்ண ஒருவராலும் ஏலாது என்றார். சின்ன வயதிலிருந்தே எல்லாரும் பச்சை என்கிறதைத் தானும் பச்சை என்று சொல்லிப் பழகினவன் அருமை. தனக்குத் தெரிகிறது வேறு என்று அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. டொக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அன்று பின்நேரமே விட்டுவிட்டார்கள். அடித்தவன் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தானாம்.

யூஜீனியாவுக்குச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இனிச் சேலைக்கடையில் அவர் வாய் திறக்க மாட்டார், எல்லாம் என் விருப்பம்தான் என்றாள். அவள் சிரித்ததைப் பார்த்து அவனும் சிரித்தான். பட்டையையும் அவள்தான் பக்கத்தில் நின்று பார்த்துப் பச்சையாக அடிப்பித்தாள். இப்போது கரையிலே ஆகப் பச்சையான வள்ளம் அதுதான்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். சிவப்பும் பச்சையும் தெரியாதவன் ஒன்றில் குடிகாரன், இல்லாவிட்டால் பொய்காரன், அவனுக்குத் தங்கச்சியைக் கொடுக்க ஏலாது என்று எழுதியிருக்கிறாய். நீதான், மகன், இதை எழுதியிருக்கிறாய்.

இந்தக் குறை தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வருகிறது, தாய்க்கு ஒன்றும் தெரியாது என்றும் டொக்டர் சொன்னார். நான் அருமையின் தாயைத்தான் நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தபோதுதான் உன்னை நினைத்தேன். ஜூலையில் லீவில் வந்த ஆளிடம் கல்யாணச் சேலை அனுப்பினாயே, அதில் நீ குத்தியிருந்த கடதாசித் துண்டு: தங்கச்சி கேட்ட அரக்குச் சிவப்பு, கடைக்காரன் எத்தனையோ காட்டினான், நானே பார்த்துத் தெரிந்தெடுத்தேன்.

மகன், அந்தச் சேலை பாசிப் பச்சை.

கடைக்காரன் மாற்றிக் கட்டிவிட்டான் என்று நாங்கள் நினைத்தோம். ஆசையாக வாங்கினவன் மனம் நோகும் என்று உனக்குச் சொல்லவில்லை. நம்பாவிட்டால், அதன் உள் ஓரத்திலிருந்து இழுத்த ஒரு நூலை இதற்குள் வைத்திருக்கிறேன். உன் அறையில் இருக்கிற நாலு பேரிடம் காட்டிக் கேட்டுப் பார். வழியில் கடிதத்தை உடைத்துப் பார்க்கிறவர்கள் இந்த நூலைக் கண்டு பயப்படாமல் இருந்தால் சரி. என் அண்ணன் இன்னாசிப்பிள்ளையும் மாம்பழத்தை நிறம் பார்க்காமல் அமத்தித்தான் எடுப்பார். எங்கள் அம்மாவிடமிருந்து அவருக்கும், என் வழியாக உனக்கும் வந்திருக்கிறது. தந்தது நான்தான்.

சேலையை அருமையிடம் காட்டினோம். ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல் என்ன நிறம் என்று கேட்டோம். தடவிப் பார்த்துவிட்டு, அரக்கு, நல்ல வடிவு என்றான். யூஜீனியா பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அண்ணன் கண்ணுக்கும் இது சிவப்பு, அவர் கண்ணுக்கும் இது சிவப்பு, எனக்கு அது போதும், இதைத்தான் கட்டுவேன் என்றாள். ஊர் என்ன கதைத்தாலும் கதைக்கட்டும் என்கிறாள்.

ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க என்னால் ஏலாது. அப்போது உனக்குப் பத்து வயது. கரைக்குப் போய் மீன் எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பினேன். செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று திறந்து பார், மண்ணிறமாக இருந்தால் பழசு என்று சொல்லித்தான் அனுப்பினேன். நீ கொண்டு வந்தது நாறின மீன். பார்க்காமல் விளையாடிவிட்டு வந்திருக்கிறாய் என்று ஈர்க்குக் கட்டால் அடித்தேன். சிவப்பாகத்தான் இருந்தது அம்மா, சிவப்பாகத்தான் இருந்தது என்று நீ சொல்லிச் சொல்லி அழுதாய். பொய் வேறா என்று இன்னும் இரண்டு போட்டேன். நீ பொய் சொல்லவில்லை, என் ராசா. இருபது வருசம் கழித்துத்தான் உன் அம்மாவுக்கு அது விளங்கியிருக்கிறது.

கண்டதைக் கண்டபடி சொன்னதற்கு உனக்கு நான் அடித்தேன். அருமைக்கு நேவிக்காரன் அடித்தான். அவனை நீயும் அடிக்காதே. சம்மதம் என்று ஒரு வரி எழுது, மற்றதைச் சுவாமி வாசிப்பார்.

அன்றைக்கு உன்னை அடித்த இந்தக் கையாலேயே உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன்.

உன் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
அம்மா ஜூலியானா.