பிறந்த வீட்டு எண்ணெய்

பினாங்கு
ஐப்பசி, தீபாவளி கழிந்த வெள்ளிக்கிழமை

நிபோங் திபால் தோட்டத்தில் இருக்கும் என் தம்பி ஐயாக்கண்ணுவுக்கு, தண்ணீர்மலை முருகன் உன்னைக் காக்கட்டும். உன் அக்காள் காத்தாயி எழுதுகிறேன். நலம் என்று எழுத இந்த வருஷம் கை வரவில்லை. நீ நலமா என்று கேட்கவும் மனம் வரவில்லை. அவ்வளவு கோபம்.

என் மகன் வடமலை துறைமுகத்தில் மூட்டை சரிந்து விழுந்து செத்துப்போனது ஆடியில். கருமாதிக்கு வந்து அழுதுவிட்டுப் போனாய். அதற்கப்புறம் வந்த முதல் தீபாவளி இது. துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பிறந்த வீட்டார் பலகாரத்தோடு வந்து தலையில் எண்ணெய் வைத்தால்தான் வீட்டுப் பெண்கள் முழுகலாம். இதை உனக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? நம் அப்பா செத்த வருஷம், ஆற்றில் வெள்ளம் என்றும் பாராமல் மாமன் எண்ணெய்க் கலயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்க வந்தாரே. அவர் கொண்டுவந்த அதிரசத்தை நீதானே அதிகம் தின்றாய்? எனக்கு மறக்கவில்லை.

இந்தக் கரையில் எனக்குப் பிறந்த வீடு நீ ஒருவன்தான். மருமகள் தனலெட்சுமிக்கு அதுவும் இல்லை. அவள் ஆடியிலிருந்து தலை வாராமல் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடக்கிறாள். விடிந்ததிலிருந்து நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைத்தெருப் பக்கம் வெடிச் சத்தம். எதிர்வீட்டுக்காரி இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே கோலம் போட்டாள். அதுவும் நினைவில் இருக்கும். பேத்தி வந்து, "அப்பாயி, மாமா தாத்தா வருவாங்களா, மாட்டாங்களா?" என்று நச்சரித்தாள். நீ வரவில்லை.

வெயில் ஏறின பிறகு வாசலில் ஒரு நிழல் விழுந்தது. யார் என்று நினைக்கிறாய்? குணவதி!

ஆமாம், நம்மோடு கப்பலில் வந்த அதே குணவதி. ஜெரஜாக் தீவில் நோய் பார்க்க நம்மை அடைத்து வைத்திருந்தபோது, மருந்துக்காரனிடம் "இவ தலை பூரா பேனுங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் கை நீட்டினவள். இடுப்பு வரை இருந்த என் முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். மொட்டைக் காத்தாயியாகத்தான் நான் இந்த ஊரில் இறங்கினேன். அன்று முதல் பசாரில் அவளைக் கண்டால் மீன்கடைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவள் கையில் ஒரு கிண்ணம் நல்லெண்ணெய், வாழையிலையில் கட்டின முறுக்கு. என்ன வேண்டும் என்று கேட்டேன். எண்ணெய் வைக்க வந்தேன் என்றாள். "நீ யாரு வைக்க? எனக்குப் பொறந்த வீடா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் அசையவில்லை. "ஒரே கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு வந்தவ. அதுக்கு மேல இந்த ஊர்ல உனக்கு எவடி பொறந்த வீடு? உக்காருலா!" என்றாள்.

உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே.

உச்சியில் எண்ணெய் வைத்து, விரலை விட்டு முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். கடைசியில், "இப்ப பேன் இல்லடி காத்தாயி" என்றாள். நான் திட்ட வாயெடுப்பதற்குள் சுவரோரம் ஒரு சிரிப்புச் சத்தம். தனலெட்சுமி! சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் தானே எழுந்து வந்து குணவதி முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். நாங்கள் எல்லோரும் முழுகினோம். பேத்தி முறுக்கை முக்கால்வாசி தீர்த்துவிட்டாள். இதற்காக என் முடியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

போகும்போதுதான் குணவதி உன் சங்கதியைச் சொன்னாள். அவள் மருமகன் உங்கள் தோட்டத்துக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறானாம். ரப்பர் பால்வெட்டு நின்று, ஆட்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றுகிறார்களாம். அதில் நீயும் ஒருவனாம். "எண்ணெய் வாங்கக்கூட வக்கில்லாம அக்கா முன்னால எப்படி நிக்கிறது?" என்று அவனிடம் அழுதாயாம். கேட்டதும் எனக்கு வந்த கோபம் முன்னதைவிடப் பெரிது. வண்டிக்காரனிடம் சொல்ல வாய் இருந்தது, என்னிடம் சொல்ல இல்லையா? நான் எண்ணெய்க்காகவா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? மடையா!

இன்னொன்றும் கேள். ஜெரஜாக்கில் அந்தப் பேன் யார் தலையிலிருந்து வந்தது? கப்பல் முழுக்க என் மடியில் படுத்துத் தூங்கினவன் யார்? காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு மொட்டையடித்தால் குளிர் ஏறிவிடும் என்று மருந்துக்காரனிடம் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குணவதிக்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் வேண்டாம்.

கிண்ணத்தில் பாதி எண்ணெயை எடுத்து மூடி வைத்திருக்கிறேன். குணவதி வைத்தது குணவதி வைத்ததாக இருக்கட்டும். நீ வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து உன் பங்கை என் தலையில் வை. என் முகத்தைப் பார்க்காமல் கப்பல் ஏறினால், அதையும் சாகும்வரை மறக்கமாட்டேன், சொல்லிவிட்டேன்.

ஏறித்தான் ஆக வேண்டுமா? மாமா இங்கேயே வந்து இருக்கட்டுமே என்கிறாள் தனலெட்சுமி. வடமலையின் பாயை நேற்று அவளே எடுத்து வெயிலில் உலர்த்தினாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும். வா.

உன் அக்காள்
காத்தாயி