ஒன்பதாவது கணு

1934 மார்ச் 5, திங்கள்

மாவுப்பூச்சியைக் காரத்தில் வேகவைத்து, கிராம்புத் தைலத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் பிசின் விட்டு ஒட்டி, மேலே மெல்லிய கண்ணாடி மூடிப் பெருவிரலால் அழுத்தினேன். விவசாய அலுவலகத்தில் என் உத்தியோகம் படம் வரைவது. சமையல் தானாக வந்து சேர்ந்தது. கொடிமலை பங்களாவின் பைன் மரத்துப் பூச்சி இது. பைனில் வழக்கமாக வரும் இனத்துக்கு உணர்கொம்பில் எட்டுக் கணு. இதற்கு ஒன்பது. படத்தைப் பார்த்த எங்கள் பூச்சியியல் அதிகாரி, வெள்ளைக்காரத் துரை, நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். புது இனமாம். அதற்கு என் பெயரை வைக்கப்போகிறாராம். வேதநாயகத்தை இலத்தீனில் இழுத்தால் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்கே அடையாளம் தெரியாது.

மார்ச் 6

மார்க்கெட் ஸ்திரீட்டில் கிராம்பு விற்கும் ஹபீப் முகம்மதிடம் மட்டும் இரகசியமாகச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் கோயில் பாடற்குழு வரை தெரிந்துவிட்டது. இரகசியம் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

என் மனைவி தெரேசா கேட்டாள்: "ரோஜாவுக்குப் பேரு வைப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன். சாறு உறிஞ்சுற செடிப்பேனுக்கா உங்க பேரு? பொருத்தமாத்தான் இருக்கு."

மார்ச் 9

மோசம் போனேன்.

இந்தப் படங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடுவே கோடு போட்டு, இடப்பாதியில் பூச்சியின் முதுகு, வலப்பாதியில் வயிறு. காலும் கொம்பும் இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று இடப்பக்கத்தைப் பார்த்து வலப்பக்கத்துக்குத் திருப்பிப் போடுவது என் குறுக்குவழி. பதினெட்டு வருஷமாக. இன்று தகட்டைத் துடைத்தபோது, சும்மா, வலக்கொம்பையும் பார்த்தேன்.

எட்டு.

மறுபடி எண்ணினேன். எட்டேதான். இடக்கொம்பில் நான் ஒன்பதாவது கணு என்று வரைந்தது — ஒரு மடிப்பு. என் பெருவிரல் அழுத்திய மடிப்பு.

அடுத்த வெள்ளி தபால் கப்பலில் கட்டுரை, படம், தகடு மூன்றும் இலண்டன் அருங்காட்சியகத்துக்குப் போகின்றன. அங்கே எண்ணுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். முதலில் துரையின் மானம் போகும். அடுத்து என் வேலை. பென்ஷனுக்கு இரண்டே வருஷம். ஐயோ, இந்த வாயை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் வேற சொல்லித் தொலைச்சேனே.

மார்ச் 10

சோறு இறங்கவில்லை. டாக்டரைக் கூப்பிடவா என்கிறாள் தெரேசா.

மார்ச் 12

கொடிமலைக்கு மலை ரயிலில் ஏறினேன். அதே மரத்தில் வேறு பூச்சிகளைப் பிடித்து எண்ணினால், ஒன்றுக்காவது ஒன்பது இருக்கக் கூடாதா?

பங்களாத் தோட்டக்காரர் பீட்டர் மரத்தடியில் பெருமையாக நின்றார். "அண்ணே, இனி உங்களுக்குத் தொல்லையில்ல. சவுக்காரமும் மண்ணெண்ணெயும் கலக்கி மூணு தடவ கழுவிட்டேன் லா. ஒன்னுகூட மிச்சமில்ல."

என் வம்சத்தையே கழுவிவிட்டார். நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

மார்ச் 14

தகடு கையில் இருந்தது. கீழே சிமெண்டுத் தரை. விரல் வழுக்கியது என்றால் யார் கேட்பார்கள்? படம் மட்டும் நிற்கும். பெயரும் நிற்கும்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. "என்னண்ணே, தகட்டக் கையில வச்சுக்கிட்டு செபமா?" என்றார் பியூன் இப்ராஹிம்.

பெட்டியில் வைத்துவிட்டேன். தைரியமா? அதெல்லாம் இல்லை. உடைத்துவிட்டு வாழ்நாளெல்லாம் பயப்பட என் உடம்பில் தெம்பு கிடையாது.

மார்ச் 15

சொல்லிவிட்டேன்.

துரை பத்து நிமிஷம் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். பிடரி சிவந்துகொண்டே வந்தது. "வரையும்போது மறுபக்கத்தை எண்ணினீரா?"

"இல்லை ஐயா."

"எப்போதாவது?"

பதினெட்டு வருஷப் படங்கள் அலமாரியிலிருந்து என்னைப் பார்த்தன. "இல்லை ஐயா."

கட்டுரையை உறையிலிருந்து உருவிக்கொண்டார். போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

மார்ச் 19

உத்தரவு வந்தது. பழைய தகடுகள் நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் இரு பக்கமும் எண்ணவேண்டும்; படத்தில் பிழை இருந்தால் சிவப்பு மை. என் விஷயம் அதற்குப் பிறகு.

ஹபீப் முகம்மது கேட்கிறார்: "அண்ணே, உங்க பேர்ல பூச்சி பொறந்துருச்சா?"

"குறைப்பிரசவம்" என்றேன். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 20, வெள்ளி

முடிந்தது. சிவப்பு மை ஏழு. துரை பட்டியலைக் கடைசி வரை படித்தார். ஒரு புதுத் தகட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இடக்கொம்பு எட்டு. பென்சிலைக் கீழே வைத்தேன். வலக்கொம்பு எட்டு. அதன் பிறகே பென்சிலை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தெரேசாவின் ஒரு காதைப் பார்த்தேன். சுற்றிப் போய் மறு காதையும் பார்த்தேன்.

"என்னத்தப் பாக்குறீங்க?"

"கம்மல் ரெண்டும் இருக்கு" என்றேன்.