பத்து லட்சத்துத் தொள்ளாயிரத்து ஏழு

அன்புள்ள ராமு அண்ணே,

பெரியப்பா மகன், மூன்று மாதம் மூத்தவன் என்பதற்காக வாழ்நாளெல்லாம் உன்னை அண்ணன் என்று கூப்பிட்டேன். நீ செத்த பிறகும் அது வாயைவிட்டுப் போகவில்லை. மன்னார்குடிக் கல்லூரியில் கணக்கில் நீ முதல், நான் இரண்டாவது. "கோபாலும் நல்லாத்தான் போடுவான்" என்பாயே, அந்தத் 'தான்' இன்னும் காதில் குத்துகிறது.

சிறுநீரகம் போய்ப் படுக்கையில் விழுந்த பின், பத்து லட்சத்துக்குச் சற்று மேலே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டாய்; எது என்று முடிக்கும்வரை சொல்லவில்லை. அது பகா எண் என்று கையாலேயே வகுத்துக் காட்டப்போவதாகச் சொன்னாய். "கம்ப்யூட்டர் நொடியில சொல்லுமே" என்றேன். "அதுக்குத் தெரியும். எனக்குத் தெரியணும்ல?" என்றாய். ஆயிரத்துக்குள் உள்ள நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களாலும் வகுக்க வேண்டும். ஒன்றில்கூட மீதி பூஜ்யம் வரக்கூடாது.

தை மாதம், திருத்துறைப்பூண்டி வயலில் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது போன் செய்தாய்.

"முடிச்சிட்டேன்டா. பகா எண்தான். எழுதிக்க."

அந்தச் சத்தத்தில் நான் உள்ளங்கையில் எழுதியது 10,00,097. பத்து லட்சத்தை ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. அதோடு தொண்ணூற்றேழு சேர்ந்தால் தொண்ணூற்றெட்டு, பதினான்கு ஏழு. வரப்பில் நின்றபடியே போட்டுவிட்டேன்.

"அண்ணே, ஏழால வகுபடுதே!"

"அப்படியா? சரிடா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

முப்பது வருடம் காத்திருந்த வெற்றி. 10,00,097 ஏழால் வகுபடுகிறது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "பெரியவருக்கு ஏழாம் வாய்ப்பாடே மறந்துபோச்சு" என்று ஒருத்தன் எழுத, எல்லோரும் சிரித்தார்கள். நீயும் பார்த்தாய். பதில் போடவில்லை. நான் உன்னைப் பார்க்க வரவும் இல்லை. பங்குனியில் உன்னை எடுக்கும்போதுதான் வந்தேன்.

இப்போது ஆடி, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நேற்று அண்ணி உன் நோட்டைக் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் 10,00,907. தொண்ணூற்றேழு இல்லை, தொள்ளாயிரத்து ஏழு. ஏழால் வகுத்தால் மீதி ஐந்து. கீழே உன் கையெழுத்து: "கோபால் தொண்ணூற்றேழுன்னு காதுல வாங்கியிருக்கான். சொல்ல வேண்டாம். ஒரு தடவை ஜெயிச்சுட்டுப் போகட்டும்."

"இதைப் படிச்சீங்களா அண்ணி?"

"கணக்கு நோட்டுல எனக்கு என்ன தம்பி தெரியும்? நீங்க வருவீங்கன்னு வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாரு."

என்ன திமிர் அண்ணே உனக்கு? தோற்றதுபோல் நடித்து, சாவிலும் முதலிடத்தை எடுத்துக்கொண்டாயே. திருத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போடவாவது வந்திருப்பேன். அது உனக்குத் தெரியாதா?

காலையிலிருந்து வகுத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பத்து மூன்றால் வகுப்பது வரை வந்தாயிற்று, அதில் மீதி முப்பத்தொன்பது. நூற்று அறுபத்தெட்டையும் முடித்து, அதே குழுவில், அதே ஆட்கள் படிக்க எழுதுவேன்: பிழை அண்ணன் கணக்கில் இல்லை, என் காதில். இது சத்தியம். ஆனால் நீ போட்ட அந்தப் பிச்சையை மன்னிப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

மூன்று மாதம் இளையவனாகவே இருக்கும் உன் பங்காளி,
கோபால்